பின் சீட்டில் கல்யாணப்பெண்

வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு டர்போ காரைத் தூக்கி நிறுத்தியிருக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். பூஸ்ட்டை இன்னும் எவ்வளவு ஏற்றலாம்? ரிட்டயர் ஆன மனுஷனை உட்காரச் சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அப்புறம் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நான் சொல்லும் பதிலும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. இன்டர்நெட்டில் யாரோ ஒருத்தன் அதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருப்பான்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் மெக்கானிக்காகச் சேர்ந்து, அங்கேயே தலைமை மெக்கானிக்காக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் காலத்தில் டர்போ என்பது ஸ்டைல் சமாச்சாரமாக இருக்கவில்லை. இன்ஜின் வெளியே தள்ளும் சூடான புகையை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சுற்றால் இன்ஜினுக்குள் அதிகக் காற்றை, நீங்கள் பூஸ்ட் என்று கேட்கும் அந்த அழுத்தத்தோடு, அடைத்து அனுப்பும் சாமான். டிரெய்லரானாலும் சரி, உங்கள் ஸ்போர்ட்ஸ் காரானாலும் சரி, வேலை செய்யும்போது அது பழுக்கக் காயும். அந்தச் சூட்டோடு வீட்டில் குடித்தனம் நடத்துவது பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

காலடிப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்டீபன். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன், முப்பதைத் தாண்டியவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இரண்டே கதவு உள்ள ஒரு பழைய ஜப்பான் காரை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தான். பெட்ரோல் இன்ஜின், டர்போ வைத்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்துதான் அதற்கு ஷெட், ஆஸ்பத்திரி எல்லாம். ஷிப்ட் முடிந்து வந்ததும் சோறு தின்கிறானோ இல்லையோ, காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். நானும் ஓய்வு பெற்ற புதிதில் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் அல்லாடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கக் குனிந்தவன்தான், அதன்பிறகு நிமிரவே இல்லை.

அந்தக் காரில் அவன் மாற்றாத சாமான் கிடையாது. மூன்று மாற்றங்களை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். டிரைவர் சீட்டைக் கழற்றிவிட்டு, ரேஸ் கார்களில் இருக்கும் குழியான ஒற்றை வார்ப்புச் சீட்டை வைத்தான். அதில் உட்கார்ந்தால் தொட்டிலில் படுத்த மாதிரி இருக்கும், ஆனால் அது முன்பக்கம் மடியாது. இரண்டு கதவு வண்டியில் முன் சீட் மடிந்தால்தான் பின்னால் இருப்பவர்கள் இறங்க முடியும். போகட்டும், இடது பக்கச் சீட் மடிகிறதே என்று விட்டுவிட்டோம். டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த தீயணைக்கும் சிலிண்டருக்கு இடம் இல்லாமல் போனதால் அது பரணுக்குப் போனது.

அடுத்தது, டர்போவிலிருந்து இறங்கும் சைலன்சர் குழாய்க்குச் சூடு தாங்கும் துணிப்பட்டையைச் சுற்றினான். கால் உடைந்தவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி அழகாகச் சுற்றியிருந்தான். சூடு குழாய்க்குள்ளேயே நிற்கும், பக்கத்தில் உள்ள ஒயர்கள் வேகாது. நல்ல வேலைதான், நானும் பாராட்டினேன்.

மூன்றாவது, டேஷ்போர்டில் ஒரு சின்னப் பெட்டி. சூடாக ஓடிவந்த டர்போவை உடனே நிறுத்தக் கூடாது, கொஞ்ச நேரம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு ஆற வைத்துத்தான் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் உள்ளே நிற்கும் ஆயில் கருகிப் போகும். யார்டில் புதிதாக வரும் ஒவ்வொரு டிரைவரிடமும் நான் கத்திக் கத்திச் சொன்ன விஷயம் இது. ஸ்டீபனுக்கு அந்தப் பொறுமை இல்லை. இந்தப் பெட்டி இருந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போய்விடலாம், இன்ஜின் தானாகக் கொஞ்ச நேரம் ஓடி, தானாக நின்றுவிடும்.

இப்போது அவனுடைய அப்பா மரியதாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். மனைவி போன பிறகு ஸ்டீபனையும் அவன் தங்கை ஜெனியையும் தனியாளாக வளர்த்தார். கடலில் இருந்த ஆள் என்பதால் உப்புக்காற்றின் மேல் அவருக்கு ஜென்மப் பகை. ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் செயின், தையல் மெஷின், எதைப் பார்த்தாலும் எண்ணெய் போட்டுவிடுவார். அப்பா ஒரு நாள் எங்கள் இரண்டு பேருக்கும் தடவப் போகிறார் என்று ஜெனி கிண்டல் செய்வாள். பழைய இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்து பம்ப்பில் அடிப்பது படகில் அவருக்குப் பழக்கம். எங்கள் பக்கம் டிரெய்லர்காரர்களும் மழைக்கு முன்னால் வண்டியின் அடிப்பாகம் முழுக்க அதைத்தான் அடிப்பார்கள். கடல் ஓரத்தில் இரும்பு வைத்திருப்பவர்களுக்கு அதைவிட்டால் வேறு மருந்து கிடையாது.

ஜெனிக்கு ராயபுரம் சர்ச்சில் கல்யாணம் வைத்தார்கள். அண்ணன் காரில்தான் போவேன் என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். சின்ன வயதிலிருந்து அவனோடு சண்டை போட்டே வளர்ந்தவள், இப்படி ஆசைப்படுவாள் என்று அவன் நினைக்கவே இல்லை. லீவுக்காக அவன் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் மரியதாஸ் காரைக் கழுவினார், பாலிஷ் போட்டார், ஊதுவத்திகூட ஏற்றினார். பிறகு பம்ப்பை எடுத்து, மகள் போகும் வண்டியாயிற்றே என்று அடிப்பாகம் முழுக்க மூலை முடுக்கு விடாமல் ஆயில் அடித்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. வாசல் பெருக்குகிறவர்கள் பெருக்கினேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்? சுற்றியிருந்த துணிப்பட்டை அவர் அடித்ததையெல்லாம் குடித்துக்கொண்டு கம்மென்று இருந்தது.

கல்யாணத்தன்று மரியதாஸ் விருந்தாளிகளை வரவேற்க முதலிலேயே வேனில் சர்ச்சுக்குப் போய்விட்டார். என் மனைவியும் அதில் போனாள். காரில் நாங்கள் மூன்று பேர். ஸ்டீபன் ஓட்ட, முன்னால் இடது பக்கம் நான், பின் சீட்டில் வெள்ளைச் சேலையில் ஜெனி. முன்னால் உட்கார்ந்து பெல்ட் போட்டால் சேலை கசங்கிவிடுமாம். வண்டி மக்கர் செய்தால் தள்ளுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அதனால் மாமா முன்னால் ஏறுங்கள் என்று எனக்கு உத்தரவு போட்டாள். பின் சீட் முழுக்க அவள் சேலைதான் விரிந்து கிடந்தது.

கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வாடை வந்தது. ஸ்டீபன் மூக்கை உறிஞ்சி, என்ன மாமா நாற்றம் இது என்றான். ஜெனி பின்னாலிருந்து, மணலிக் காற்றுதான், அது கல்யாணத்துக்கு லீவு விடுமா என்றாள். நாங்கள் சிரித்தோம். காற்று மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து அடிக்கும் நாளில் எங்கள் ஊரில் யாரும் மூக்கு சொல்வதைக் கேட்பதில்லை.

கடலோரச் சாலைக்கு வந்தால் வழக்கம்போல் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் இடது பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. மிச்சமிருந்த இடத்தில் நாங்கள், ஆட்டோக்கள், பைக்குகள். வலது பக்கம் நடுத்தடுப்பு. வண்டி ஓடினால் அடியில் காற்றுப் போகும், சூடு கலையும். இங்கே ஓட்டமே இல்லை. எறும்பு ஊர்கிற மாதிரி நகர்ந்து, நின்று, நகர்ந்து, நின்று, கடைசியில் ஒரு டிரெய்லரின் பக்கத்தில் அடியோடு நின்றுவிட்டோம். அதன் டயர் என் கதவுக்கு ஒரு கையகல தூரத்தில் இருந்தது.

பானெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் புகை கிளம்பியது. தண்ணீர் கொதிக்கிறதோ என்று சூட்டு முள்ளைப் பார்த்தேன். அது சாதுவாக நடுவில் நின்றது. அப்போதுதான் அந்த வாடை சரியாகப் புரிந்தது, அது டீசல் கலந்த ஆயில் கருகும் வாடை. ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தேன். டிரெய்லருக்கு அடியில் இருந்த நிழலில், அதன் சக்கரத்தின் இரும்பில், ஆரஞ்சு நிறமாக ஒரு வெளிச்சம் ஆடியது. அது எங்கள் காருக்கு அடியிலிருந்து வரும் வெளிச்சம்.

தம்பிகளே, இந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்டீபனும் அதைத்தான் செய்யப் போனான். அவன் கை சாவிக்குப் போனது. தீ என்றால் இன்ஜினை நிறுத்து, இறங்கு. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், தப்பே கிடையாது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

என் கதவு திறக்காது, டயர் தடுக்கும். அவன் கதவு திறக்கும், ஆனால் அவன் சீட் மடியாது. அந்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் நாங்கள் இரண்டு பேரும் எப்படியாவது வெளியே போய்விடுவோம். பின்னால் சேலைக்குள் சிக்கி உட்கார்ந்திருக்கும் பெண் போக வழியில்லை. எங்களுக்கு முன்னால், இந்த டிரெய்லருக்கும் அடுத்த டிரெய்லருக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரிந்தது. ஒரு வண்டி நீளம் முன்னால் போனால் என் கதவு திறக்கும்.

"மாமா, எரியுது மாமா" என்றான்.

"எரியட்டும். முன்னாடி எடு" என்றேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டோ நின்றது. ஸ்டீபன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஆட்டோக்காரர் திட்டுவதற்காகத் திரும்பினார், புகையைப் பார்த்தார், திட்டாமல் தடுப்பை ஒட்டி ஒடித்து வழி விட்டார். அவர் எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும். ஸ்டீபன் காரை முன்னால் எடுத்தான். எரிகிற வண்டியை வேண்டுமென்றே ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

கதவு திறந்தது. நான் இறங்கி என் சீட்டை மடித்தேன். ஜெனி என்ன செய்தாள் தெரியுமா, முதலில் பூச்செண்டை நீட்டினாள். அதை வாங்கி ரோட்டில் வீசிவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தேன். சேலை எங்கேயோ சிக்கிக் கிழிந்தது. செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அவள் வெறுங்காலோடு ரோட்டில் இறங்கியதும் இரண்டு டிரெய்லருக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக அவளை ஓரத்துக்குத் தள்ளி, தூரமாகப் போய் நில் என்றேன். அவள் போனாள்.

அதற்குள் ஸ்டீபன் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, காருக்கு முன்னால் வந்து பானெட்டுக்கு அடியில் விரலை விட்டுவிட்டான். வேண்டாம் என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மூடியிருக்கும் வரைக்கும் உள்ளே காற்றுக்குப் பஞ்சம். முழுசாகத் தூக்கினால் தீ முகத்துக்கு வரும். பானெட்டைத் திறந்து பார்ப்பதே தொழிலாக இருப்பவர்களுக்கு அந்தக் கையை அடக்குவது லேசில்லை.

அப்போது எனக்கு ஒரு சத்தம் உறைத்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சாவி ஸ்டீபன் கையில் இருக்கிறது, இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது. அவன் ஆசையாக வைத்த அந்தப் பெட்டி டர்போவைப் பத்திரமாக ஆற வைத்துக்கொண்டிருந்தது. இன்ஜின் ஓடும் வரைக்கும் டர்போவுக்கு ஆயில் பாய்ந்துகொண்டிருக்கும், பெட்ரோல் பம்ப்பும் நிற்காது. ஒரு ரப்பர் குழாய் வெந்து பிய்ந்தால் போதும், பெட்ரோல் நேராகத் தீயில் கொட்டும். வரிசையாக நிற்கும் டிரெய்லர்களில் என்ன சரக்கு இருக்கிறதென்றுகூட எங்களுக்குத் தெரியாது.

யார்டில் எனக்கு மேலே இருந்த ஒரு ஃபோர்மேன் நினைவுக்கு வந்தார். ஒரு முறை டிரெய்லர் ஒன்றில் டர்போவின் சீல் போய், டீசல் இன்ஜின் தன் சொந்த ஆயிலையே குடித்துக்கொண்டு வெறி பிடித்த மாதிரி ஓடியது. சாவிக்கும் கட்டுப்படவில்லை, ஒயரைப் பிடுங்கியும் நிற்கவில்லை. நாங்களெல்லாம் விலகி ஓடினோம். அவர் பிரேக்கை மிதித்து, டாப் கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். முழு வண்டியும் ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது. இறங்கி வந்து நேராக டீ குடிக்கப் போய்விட்டார்.

தீ இன்னும் அடியிலே, குழாயை ஒட்டித்தான் இருந்தது. உள்ளே புகை அதிகமில்லை. நானே போயிருப்பேன். ஆனால் அந்தக் குழியான சீட்டுக்குள் இறங்கி ஏற என் முழங்கால் எடுத்துக்கொள்ளும் நேரம் எனக்குத் தெரியும். ஸ்டீபனிடம் சொன்னேன், கதவைத் திறந்தே வை, ஒரு கால் வெளியே இருக்கட்டும், டாப் கியர் போட்டுக் கிளட்சை விடு, வந்துவிடு. அவன் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே சரிந்தான். கார் ஒரு குதி குதித்தது, இருமியது, நின்றது. அவன் வெளியே வந்து விழுந்தான். அந்த அமைதி இருக்கிறதே, கோயில் மணி ஓய்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

நாங்கள் உரசிக்கொண்டு நின்ற அதே டிரெய்லரின் டிரைவர் அதற்குள் தன் கேபினிலிருந்து சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். விழுப்புரம் பக்கத்து ஆள், துறைமுகத்துக்குள் போகும் வண்டி என்பதால் சிலிண்டர் கையெட்டும் இடத்தில் இருந்தது. எங்கள் சிலிண்டர் பரணில் தூங்கிக்கொண்டிருந்ததை நினைத்து எனக்கு வெட்கமாகப் போயிற்று. தள்ளுங்க சார் என்று சொல்லிவிட்டு அவர் தரையோடு தரையாகக் குனிந்து, அடியிலும் சக்கர வளைவுக்குள்ளும் பவுடரை அடித்தார். பிறகு பானெட்டை விரலளவு மட்டும் தூக்கி அந்த இடுக்கில் ஒரு முறை. தீ அணைந்துவிட்டது. பிறகு புகை மட்டும் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் குறைந்தது.

நான் நடுத்தடுப்பின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஜெனி கிழிந்த சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு டிரெய்லர் இடுக்கு வழியாக வந்தாள்.

"முடிஞ்சிச்சா மாமா?"

"முடிஞ்சிச்சிம்மா."

அவள் ரோட்டில் கிடந்த பூச்செண்டைப் பார்த்தாள். ஏதோ ஒரு பைக் அதன்மேல் ஏறிப் போயிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாக மாறியது. ஸ்டீபன் தன் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்து தங்கையைக் கட்டிக்கொண்டான். அந்த இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

முகூர்த்த நேரம் மாதிரி சர்ச்சிலும் நேரம் என்று ஒன்று உண்டு. வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நாங்கள் கையைப் பிசைந்தபோது அந்த டிரெய்லர் டிரைவர்தான் சொன்னார்.

"இந்த லைன் நகர மத்தியானம் ஆவும் சார். நான் எங்க போகப் போறேன்? வண்டிய நான் பாத்துக்கிறேன், பொண்ணக் கூட்டிட்டுப் போங்க."

வழியில் வந்த ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினோம். உள்ளே இருந்தவர்கள் கல்யாணப்பெண் வெறுங்காலோடு ஏறுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் ஒரு அம்மா தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து ஜெனியின் கன்னத்தில் இருந்த கரியைத் துடைத்துவிட்டார். கிழிந்த இடத்தை உள்பக்கம் மடித்து ஊக்கு குத்தியவரும் அவர்தான். சர்ச் வாசலில் இறங்கும்போது யாராவது உற்றுப் பார்த்தால் தவிர ஒன்றும் தெரியாது.

வாசலில் மரியதாஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு வழி பார்த்து நின்றார். ஆட்டோவிலிருந்து மகள் இறங்குவதைப் பார்த்ததும் கார் எங்கடா என்று ஸ்டீபனை ஒரு பிடி பிடித்தார். ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஸ்டீபன் சொன்னான். ஜெனி அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டு, நேரமாகிறது வா என்று இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். காருக்கு அடியில் சொட்டு சொட்டாகக் கறுப்பாக விழுந்திருந்ததை நான் ரோட்டிலேயே தொட்டுப் பார்த்துவிட்டேன். அது என்னவென்று என் விரலுக்குத் தெரியும், யார் வீட்டுப் பம்ப்பிலிருந்து வந்ததென்றும் தெரியும். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர் மகளைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போவதைப் பார்த்தேன். இந்துக்காரனான எனக்கு அங்கே எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாது. உட்கார்ந்தே இருந்தேன், அப்படி ஒரு நிம்மதி.

மறுவீட்டு விருந்துக்கு ஜெனியும் மாப்பிள்ளையும் வரும் நாள். காலையில் நானும் ஸ்டீபனும், ரோட்டிலிருந்து கட்டி இழுத்து வந்திருந்த காரைச் சந்தில் தூக்கி நிறுத்தி அடியில் பார்த்தோம். ஒயர்கள், சில ரப்பர் குழாய்கள், பானெட் பெயிண்ட், இவ்வளவுதான் போயிருந்தது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கருகிய துணிப்பட்டையை அவிழ்த்துத் தரையில் போட்டோம். உள்சுற்றுகளில் எரியாத இடத்தில் ஆயில் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. ஸ்டீபனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் குரலைத் தாழ்த்தி, அப்பாவிடம் சொல்ல வேண்டாம் மாமா, உயிரையே விட்டுவிடுவார் என்றான். எனக்கும் மனசில்லைதான். ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த மழைக்கு முன்னால் அவர் மறுபடியும் பம்ப்பைத் தூக்குவார். நாங்கள் அடியில் படுத்துக்கொண்டு கிசுகிசுவென்று இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. மரியதாஸ் காபி கொண்டுவந்திருந்தார். வழியில் தீப்பிடித்ததைக் கல்யாணம் முடிந்த பிறகு அவரிடம் சொல்லியிருந்தோம், எதனால் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

அவர் குந்தி உட்கார்ந்து அந்தத் துணியை எடுத்தார். விரலால் தேய்த்து மூக்குக்குக் கொண்டுபோனார். ஆயுசு முழுக்கப் படகு இன்ஜினோடு இருந்தவருக்கு வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது நான் அடிச்சது" என்றார்.

ஸ்டீபன் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தான்.

"அடிச்சது நீதாம்ப்பா. அங்க துணி சுத்தி கீதுன்னு உன்கிட்ட சொல்லாதது நானு."

அவன் பொய் சொல்லி அவரைத் தப்பிக்க வைக்கவில்லை, முழுப் பாரத்தையும் அவர் தலையில் போடவும் இல்லை. எனக்கு அவன் மேல் இருந்த மரியாதை அன்றைக்கு ஒரு படி கூடியது. டர்போ தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இப்படிப் பேசத் தெரிந்தவர்கள் குறைவு.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். யார்டில் ஒரு வண்டியில் நாங்கள் கை வைத்தால் அடுத்த ஷிப்ட்காரனிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போக மாட்டோம். போனால் ஃபோர்மேன் தோலை உரித்துவிடுவார். வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, என் வண்டி, என் சந்து, யாரிடம் என்ன சொல்வது என்று இருந்துவிடுகிறீர்கள். ஆனால் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் அந்த வண்டியைத் தொடுகிறார்கள். அப்பா கழுவுகிறார், அம்மா மேலே துணி காய வைக்கிறார், தம்பி ஸ்டார்ட் போட்டுப் பார்க்கிறான். எல்லாம் ஆசையில் செய்வது. நீங்கள் மாற்றியதை அவர்களுக்குத் தெரியும்படி சொல்லுங்கள். அப்பாவை ஒரு தடவை அடியில் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை, சொல்லுங்கள். சிலிண்டரைப் பரணிலிருந்து இறக்குங்கள். மடியாத சீட் வைத்த வண்டியில் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். பூஸ்ட் பற்றி அப்புறம் பேசலாம்.

மரியதாஸ் எழுந்து வாசல் குழாய்க்குப் போனார். சோப்பை எடுத்துக் கையைக் கழுவ ஆரம்பித்தார். கழுவினார், முகர்ந்து பார்த்தார், மறுபடியும் சோப்புப் போட்டார். காபி ஆறிப்போயிற்று.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையும் ஜெனியும் வந்து இறங்கினார்கள். ஸ்டீபன் அவளை ஒதுக்கமாக அழைத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான். அவள் தரையில் கிடந்த துணியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். மாப்பிள்ளையை உள்ளே போய் உட்காரச் சொல்லிவிட்டு நேராகக் குழாயடிக்குப் போனாள்.

அவர் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கழுவிக்கொண்டே, "நான் இன்னா காரியம் பண்ணிட்டேன், பாத்தியா" என்றார்.

ஜெனி குழாயை மூடினாள்.

"போதும்ப்பா. நான் இங்கதான நின்னுகினு கீறேன்? வா, பசிக்குது. நீ வந்து ஒக்காந்தாதான் அவரு சாப்புடுவாரு."

அவர் ஈரக் கையோடு அவள் முகத்தைப் பிடித்து, புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார். பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அவளோடு உள்ளே போனார். எங்களையும் கூப்பிட்டார்கள். காரை ஜாக்கியிலேயே விட்டுவிட்டு நாங்களும் போய்ச் சாப்பிட்டோம்.